வடக்கு டகோட்டா வளர்கிறதா, காலியாகிறதா? கவுண்டிக் கணக்கும் மெட்ரோக் கணக்கும்

கேள்வி: அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தைப் பற்றிப் படிக்கும்போது குழப்பமாக இருக்கிறது. 2010க்கும் 2020க்கும் இடையில் நாட்டிலேயே அதிவேகமாக வளர்ந்த கவுண்டி அங்கேதான் இருக்கிறது என்கிறார்கள். அதே மாநிலத்தின் கிராமப்புறம் காலியாகிறது என்றும் எழுதுகிறார்கள். 2023இல் மைனாட் நகரம் ‘மெட்ரோ’ ஆகிவிட்டதாம். கவுண்டி, மெட்ரோ, மைக்ரோ: எதை வைத்து ஒப்பிடுவது?

பதில்:

இரண்டு செய்தியும் உண்மைதான். இந்த மாநிலம் வளர்ந்தது, இதன் பெரும்பாலான ஊர்ப்புறம் தேய்ந்தது, இரண்டும் ஒரே பத்தாண்டில் நடந்தன. உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: கவுண்டி எண்ணிக்கையை முதலில் பாருங்கள், மெட்ரோ, மைக்ரோ (பெரிய அல்லது சிறிய நகரை மையமாக வைத்துச் சேர்த்த கவுண்டித் தொகுப்புகள்) என்ற பெயர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வடக்கு டகோட்டாவின் கவுண்டி எல்லைகள் பல பத்தாண்டுகளாக அசையாமல் நிற்கின்றன. மெட்ரோ எல்லைகளோ ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் மாற்றி வரையப்படுகின்றன. எல்லை மாறியதால் வந்த வித்தியாசத்தை மக்கள் இடம்பெயர்ந்ததாகப் படித்துவிடுவதுதான் இந்த விஷயத்தில் மிகப் பரவலான தவறு.

கவுண்டி என்றதும் நம் மாவட்டத்தை நினைத்துக்கொண்டால் பரப்பளவுக்கு ஓரளவு பொருந்தும், ஆள் எண்ணிக்கைக்குப் பொருந்தாது. மாநிலத்தில் 53 கவுண்டிகள். தென்மேற்கு மூலையில் உள்ள ஸ்லோப் கவுண்டியின் பரப்பு ஏறத்தாழ 3,150 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 706 பேர். அதன் தலைமையிடமான அமிடன் ஊரில் வசிப்பவர்கள் இருபது சொச்சம் பேர். மறுகோடியில், கிழக்கு எல்லையில், ஃபார்கோ நகரம் உள்ள காஸ் கவுண்டியில் 1,84,525 பேர். மாநிலத்தில் நான்கு பேரை நிறுத்தினால் ஏறக்குறைய ஒருவர் காஸ் கவுண்டிக்காரர். இப்படிப்பட்ட இரண்டு இடங்களை ஒரே மாநிலச் சராசரிக்குள் அடைத்தால் அந்தச் சராசரி இரண்டையும் காட்டாது.

மாநிலத்தின் நீண்ட கதையைப் பார்த்துவிடலாம். ரயில் பாதைகள் வந்து, அரசு குடியேறிகளுக்கு இலவசமாக நிலம் கொடுத்ததால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதின் தொடக்கத்திலும் மக்கள் வந்து குவிந்தார்கள். 1930இல் 6,80,845 பேர். அப்புறம் வறட்சி, விலைவீழ்ச்சி, டிராக்டர் எல்லாம் வந்தன. 1970இல் 6,17,761. நடுவே 1980 வாக்கில் ஓர் எண்ணெய்க் காலம் கொஞ்சம் தூக்கிவிட்டது. அது அடங்கியதும் 1990இல் 6,38,800. 2010இல்கூட 6,72,591தான். அதாவது எண்பது ஆண்டுகள் கழித்தும் 1930ஐ எட்டவில்லை. இந்த எண்பது ஆண்டுகளில் மொத்த அமெரிக்காவின் மக்கள்தொகை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தத் தேய்வுக்கு அடிப்படைக் காரணம் பயிர்த்தொழில் நொடித்துப்போனது அல்ல. கோதுமை இன்றும் விளைகிறது, ஏராளமாகவே விளைகிறது. விளைவிக்க ஆள் வேண்டியதில்லை என்பதுதான் மாற்றம். 1930களில் மாநிலத்தில் 80,000க்கும் அதிகமான பண்ணைகள் இருந்தன. 2022 வேளாண் கணக்கெடுப்பில் சுமார் 25,000. நிலம் அப்படியே இருக்கிறது, பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிட்டன. பண்ணைக் குடும்பங்கள் குறைந்ததும் பள்ளிகளை இணைத்தார்கள். பள்ளி போன ஊரில் கடைகள் மூடின. கடையில்லாத ஊருக்கு இளம் குடும்பங்கள் வரவில்லை. நல்ல விளைச்சலும் காலியாகும் ஊரும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்பதை இந்தச் சமவெளி மாநிலங்கள் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் இடம் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, 2010களுக்கு வருவோம். 2006 வாக்கில் மேற்கே மவுன்ட்ரெயில் கவுண்டியில் பார்ஷல் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. பாக்கன் பாறைப் படிவத்தில் கிடைமட்டமாகத் துளையிட்டு, நீரழுத்தத்தால் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை கைகொடுத்தது. 2014இல் மாநிலத்தின் உற்பத்தி நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாயைத் தாண்டியது. மக்கள்தொகை 2020இல் 7,79,094 ஆனது. பத்தாண்டில் 15.8 சதவீத வளர்ச்சி; யூட்டா, ஐடஹோ, டெக்சாஸ் ஆகியவற்றுக்கு அடுத்து நாட்டிலேயே நான்காவது இடம். நீங்கள் கேட்ட அதிவேகக் கவுண்டி மெக்கென்சி: 6,360 பேர் 14,704 ஆனார்கள், 131 சதவீத உயர்வு. பக்கத்தில் உள்ள வில்லியம்ஸ் கவுண்டி 22,398இலிருந்து 40,950. அதற்குத் தெற்கே ஸ்டார்க் 24,199இலிருந்து 33,646.

இப்போது ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். மாநிலத்துக்குப் பத்தாண்டில் கூடியவர்கள் 1,06,503 பேர். காஸ், வில்லியம்ஸ், பர்லீ, ஸ்டார்க், மெக்கென்சி, வார்ட், கிராண்ட் ஃபோர்க்ஸ் ஆகிய ஏழு கவுண்டிகளின் கூடுதலை மட்டும் சேர்த்தால் 1,02,793 வருகிறது. 96 சதவீதத்துக்கும் மேல். மீதி 46 கவுண்டிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது 3,710. அந்த 46இல் எண்ணெய்க் கவுண்டியான மவுன்ட்ரெயிலும் பிஸ்மார்க் நகருக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள மார்ட்டனும் அடக்கம். மவுன்ட்ரெயில் 2,136 பேரும் மார்ட்டன் 5,000க்கு மேலும் கூடியவை. அந்த இரண்டையும் தள்ளினால் எஞ்சிய 44 கவுண்டிகளின் கூட்டுத்தொகை குறைந்தே போயிருக்கிறது. நாட்டிலேயே நான்காவது வேகத்தில் வளர்ந்த மாநிலத்தில், ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான கவுண்டிகள் சேர்ந்து ஆள் இழந்திருக்கின்றன. உங்கள் குழப்பத்துக்கான விடை பெரும்பாலும் இந்தக் கூட்டலுக்குள்ளேயே இருக்கிறது. நாடு முழுவதும்கூட அந்தப் பத்தாண்டில் பாதிக்கும் மேற்பட்ட கவுண்டிகள் மக்களை இழந்தன.

சதவீதத்தை மட்டும் பார்ப்பவர்கள் சிறிய கவுண்டிகளில் ஏமாறுவார்கள். பில்லிங்ஸ் கவுண்டி 783இலிருந்து 945 ஆனது: 20.7 சதவீதம். காஸ் 23.2 சதவீதம். வரைபடத்தில் இரண்டும் ஒரே நிறத்தில் வரும். ஆனால் பில்லிங்ஸில் கூடியவர்கள் 162 பேர், காஸில் கூடியவர்கள் 34,747 பேர். ஸ்லோப் கவுண்டி 727இலிருந்து 706க்கு இறங்கியது. இருபத்தொரு பேர், அதாவது நான்கைந்து குடும்பங்கள். அதனால் எந்த அட்டவணையிலும் சதவீதத்துக்குப் பக்கத்தில் ஆள் எண்ணிக்கையையும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மெட்ரோ விஷயம். இந்த எல்லைகளை வரைவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தும் சென்சஸ் பீரோ அல்ல, வெள்ளை மாளிகையின் கீழ் இயங்கும் மேலாண்மை மற்றும் பட்ஜெட் அலுவலகம். கணக்கெடுப்பின்படி கட்டடங்கள் நெருக்கமாக உள்ள பகுதிகளைச் சேர்த்து முதலில் சென்சஸ் பீரோ ‘நகரத் தொகுதி’ ஒன்றை வரைகிறது. அதில் 50,000 பேர் இருந்தால் அது ஒரு மெட்ரோபாலிட்டன் பகுதிக்கு மையம். 10,000க்கு மேல், 50,000க்குக் கீழ் என்றால் மைக்ரோபாலிட்டன் பகுதிக்கு மையம். அந்த மையம் விழும் கவுண்டி முழுவதும் உள்ளே வந்துவிடும். பக்கத்துக் கவுண்டியில் வேலை பார்க்கும் குடியிருப்பாளர்களில் கால்வாசிப் பேர் மையக் கவுண்டிக்கு வேலைக்குப் போனாலோ, அங்குள்ள வேலைகளில் கால்வாசியை மையக் கவுண்டியில் வசிப்பவர்கள் செய்தாலோ, அந்தக் கவுண்டியும் முழுசாகச் சேரும். பாதிக் கவுண்டி என்ற பேச்சே கிடையாது.

இந்த ‘முழுசாக’ என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. பிஸ்மார்க் மெட்ரோவில் பர்லீ, மார்ட்டன் ஆகியவற்றோடு ஆலிவர் கவுண்டியும் உண்டு. ஆலிவரில் 2020இல் இருந்தவர்கள் 1,877 பேர். சென்டர் என்ற ஒரே ஒரு சிறு நகரம், ஒரு நிலக்கரிச் சுரங்கம், ஒரு மின்நிலையம், மற்றபடி மேய்ச்சல் நிலமும் வயலும். அட்டவணையில் அந்த 1,877 பேரும் பெருநகரவாசிகள். வேலைக்குப் போய்வரும் தொடர்பை அளப்பதற்காக வரைந்த எல்லை அது; அந்த வேலைக்கு அது சரிதான். அதையே ‘நகரம்’, ‘கிராமம்’ என்று படிக்கும்போதுதான் தப்பாகிறது. எல்லையை வரையும் அலுவலகமே இது நகர்ப்புற-கிராமப்புற வகைப்பாடு அல்ல என்று தன் விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. ஆனாலும் மத்திய அரசின் பல நிதித் திட்டங்கள் இதையே அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றன. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். ஆலிவர் போன்ற ஊர்களின் தேவையை ஃபார்கோவின் தேவையோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இன்னொன்று, மெட்ரோ எல்லைக்கு மாநில எல்லை தெரியாது. ஃபார்கோவும் மூர்ஹெட்டும் ரெட் நதியின் இரு கரையில் உள்ள நகரங்கள். மூர்ஹெட் மினசோட்டாவில் இருக்கிறது. ஃபார்கோ மெட்ரோவின் 2020 மக்கள்தொகை 2,49,843. அதில் 65,318 பேர் மினசோட்டாவின் கிளே கவுண்டிக்காரர்கள், அதாவது நான்கில் ஒருவருக்கும் மேல். கிராண்ட் ஃபோர்க்ஸ் மெட்ரோவின் 1,04,362 பேரில் 31,192 பேர் மினசோட்டாவின் போல்க் கவுண்டியில் வசிப்பவர்கள். வடக்கு டகோட்டாவின் மெட்ரோ மக்கள்தொகை என்று சொல்லி இந்த மொத்தங்களை அப்படியே கூட்டினால், 96,510 பேர் பக்கத்து மாநிலத்திலிருந்து கணக்கில் புகுந்துவிடுவார்கள். நன்றாக எழுதப்பட்ட கட்டுரைகளிலும் இந்தப் பிழையைப் பார்க்கிறேன். கவுண்டியாகப் பிரித்துக் கூட்டினால் இது வரவே வராது.

மைனாட் கதை இதன் உச்சம். 2010இல் மைனாட் நகரில் 40,888 பேர்; 2020இல் 48,377. எண்ணெய் வயல்களின் கிழக்கு ஓரத்தில் இருப்பதால் வளர்ந்தது. நடுவே 2011 ஜூனில் சூரிஸ் ஆற்று வெள்ளம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைப் பாழாக்கிய பிறகும் வளர்ந்தது. நகராட்சி எல்லைக்குள் 50,000 இல்லை. ஆனால் நகரத் தொகுதி நகராட்சி எல்லையைப் பார்ப்பதில்லை. கட்டடங்கள் எதுவரை நீள்கின்றனவோ அதுவரை போகும். அப்படி அளந்தபோது 50,000ஐத் தாண்டியது. 2023 ஜூலையில் புதிய எல்லைகள் அறிவிக்கப்பட்டபோது மைனாட் மைக்ரோவிலிருந்து மெட்ரோவுக்கு ஏறியது.

மைனாட் நகரம் இருக்கும் வார்ட் கவுண்டியில் 69,919 பேர். அந்த அறிவிப்பு வந்த அன்று அவர்களில் ஒருவர்கூட வீடு மாறவில்லை. ஆனால் பழைய எல்லையில் 2010ஐயும், புதிய எல்லையில் இன்றைய நிலையையும் வைத்து ஒரு வரைபடம் போட்டால், மெட்ரோ அல்லாத வடக்கு டகோட்டா ஒரே அடியில் எழுபதாயிரம் பேரை இழந்ததாகத் தெரியும். இது ஒருமுறை நடந்த விபத்தும் அல்ல. நன்றாக வளரும் ஊரகக் கவுண்டி, வளர்ந்ததாலேயே ‘மெட்ரோ அல்லாத’ பட்டியலை விட்டு வெளியேறுகிறது. பட்டியலில் மிஞ்சுவது வளராதவை. இப்படி ஒவ்வொரு பத்தாண்டும் நல்ல மாணவர்களை மேல்வகுப்புக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சிய வகுப்பின் சராசரி குறைகிறதே என்று கவலைப்பட்டால் எப்படி? ஊரக அமெரிக்கா சுருங்குகிறது என்ற பேச்சில் ஒரு பகுதி உண்மையான இழப்பு, ஒரு பகுதி இந்த இடமாற்றம். இரண்டையும் பிரித்துக் காட்டாத எந்தக் கட்டுரையையும் நம்பாதீர்கள்.

2021 ஜனவரியில் இதற்கு நேர்மாறான ஒரு யோசனை வந்தது. மெட்ரோவுக்கான குறைந்தபட்சத்தை 50,000இலிருந்து 1,00,000க்கு உயர்த்தலாம் என்றார்கள். அப்படிச் செய்திருந்தால் நாடு முழுவதும் 144 மெட்ரோக்கள் மைக்ரோவாகியிருக்கும். பிஸ்மார்க், கிராண்ட் ஃபோர்க்ஸ் இரண்டின் நகரத் தொகுதிகளும் 2010 கணக்கில் லட்சத்துக்குக் கீழே இருந்தவை. எதிர்ப்பு கடுமையாக இருந்ததால் அந்த ஆண்டு ஜூலையில் யோசனையைக் கைவிட்டு 50,000 என்றே வைத்துக்கொண்டார்கள்.

மெக்கென்சி ஏன் மெட்ரோ இல்லை என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அதன் பெரிய ஊரான வாட்ஃபோர்ட் சிட்டி 1,744இலிருந்து 6,207 ஆனது. வியக்க வைக்கும் வளர்ச்சி, ஆனாலும் மைக்ரோவுக்கான 10,000ஐக்கூட எட்டவில்லை. விதிகள் வேகத்தைப் பார்ப்பதில்லை, அளவைத்தான் பார்க்கின்றன.

எண்ணெய்க் கவுண்டிகளின் எண்களில் கூடுதல் கவனம் வேண்டும். கணக்கெடுப்பு ஒருவரை அவர் வழக்கமாக வசித்துத் தூங்கும் இடத்தில் எண்ணுகிறது. எண்ணெய்ப் பெருக்கத்தின்போது வில்லியம்ஸ் கவுண்டியின் வில்லிஸ்டன் நகரைச் சுற்றித் தொழிலாளர் முகாம்கள் முளைத்தன. இரண்டு வாரம் வேலை, பிறகு விமானம் ஏறித் தன் மாநிலத்துக்குத் திரும்புவது என்று வாழ்ந்தவர்கள் ஏராளம். அவர்கள் சாலையைப் பயன்படுத்தினார்கள், மருத்துவமனைக்கு வந்தார்கள், தண்ணீர் செலவழித்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கணக்கில் வேறு மாநிலத்தவர். அதனால் அந்த ஆண்டுகளில் கவுண்டி சுமந்த உண்மையான பாரம் அட்டவணை காட்டியதைவிட அதிகம். 2014 நடுவில் பீப்பாய்க்கு நூறு டாலருக்கு மேல் இருந்த விலை 2016 தொடக்கத்தில் முப்பதுக்குக் கீழே விழுந்தது. அப்போதும் முதலில் கிளம்பியவர்கள் கணக்கில் வராத இவர்கள்தான்.

பத்தாண்டுக் கணக்கெடுப்புகளுக்கு நடுவே வரும் ஆண்டு எண்கள் மதிப்பீடுகள் என்பதையும் மறக்க வேண்டாம். பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, வருமானவரிப் படிவங்களில் முகவரி மாறியதை வைத்தும் முதியோருக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் பதிவுகளை வைத்தும் இடப்பெயர்வைக் கணிக்கிறார்கள். எண்ணெய் வயலில் ஒருவர் வந்து ஓராண்டுக்குள் போய்விட்டால் இந்தப் பதிவுகளுக்குள் அவர் சரியாக விழமாட்டார். மாநிலத்துக்கு 2019 மதிப்பீடு 7,62,062. 2020 ஏப்ரலில் எண்ணியபோது 7,79,094. ஒன்பது மாதத்தில் பதினேழாயிரம் பேர் வந்துவிடவில்லை, மதிப்பீடு பின்தங்கியிருந்தது. ஒவ்வொரு ஆண்டும் புதிய மதிப்பீட்டு வரிசை வெளியாகும்போது முந்தைய ஆண்டுகளையும் திருத்துவார்கள். அதனால் ஒரு வரிசையின் 2021ஐ வேறொரு வரிசையின் 2022உடன் ஒப்பிடாதீர்கள்.

குறைந்த கவுண்டிகளுக்குள்ளும் காரணம் ஒன்றல்ல. தென்மத்தியில் உள்ள மெக்கின்டாஷ் கவுண்டி ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியர்கள் குடியேறிய இடம்; 2000 வாக்கில் நாட்டிலேயே முதியோர் விகிதம் மிக அதிகமான கவுண்டிகளில் ஒன்று. அங்கே பிறப்பைவிட இறப்பு அதிகம். யாரும் ஊரை விட்டுப் போகாவிட்டாலும் எண்ணிக்கை குறையும். 2010இல் 2,809, 2020இல் 2,530. மாநில அளவில் பார்த்தால் இதற்கு நேரெதிர்: நாடு முழுவதும் இடைநிலை வயது ஏறிய 2010களில் வடக்கு டகோட்டாவில் மட்டும் இறங்கியது, எண்ணெய் வேலைக்கு இளைஞர்கள் வந்ததால்.

பூர்வகுடியினரின் ஒதுக்குநிலங்கள் உள்ள கவுண்டிகளை இந்தக் குறைந்த பட்டியலில் மற்றவற்றோடு ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. டர்டில் மவுன்டன் சிப்பேவா மக்கள் வாழும் ரோலெட் கவுண்டி 13,937இலிருந்து 12,187 ஆனதாக 2020 கணக்கு சொல்கிறது. ஸ்டாண்டிங் ராக் ஒதுக்குநிலத்தின் வடபகுதியான சூ கவுண்டியிலும் குறைவு. ஆனால் இவை இளம் மக்கள்தொகை கொண்ட, பிறப்பு அதிகமான இடங்கள். கணக்கெடுப்புக்குப் பின் சென்சஸ் பீரோ நடத்திய சரிபார்ப்பு ஆய்வு, ஒதுக்குநிலங்களில் வாழும் பூர்வகுடியினரில் 5.64 சதவீதம் பேர் எண்ணப்படாமல் விடுபட்டதாக நாடு தழுவிய அளவில் கண்டது. பெருந்தொற்றுக் காலம், தெருப்பெயர் இல்லாத முகவரிகள், ஒரே வீட்டில் பல குடும்பங்கள், எல்லாம் சேர்ந்து வந்த விளைவு. ரோலெட்டின் இறக்கத்தில் ஒரு பகுதி மக்கள் போனதால் வந்தது அல்ல, எண்ணப்படாததால் வந்தது என்றே நான் கருதுகிறேன். அந்த எண்ணை வைத்துத்தான் பத்தாண்டு முழுக்க வீட்டுவசதிக்கும் சுகாதாரத்துக்கும் பணம் பிரிக்கிறார்கள் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல.

2020இல் தனிமனிதர் விவரங்களைக் காக்க, வெளியிடும் எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றங்கள் செய்தார்கள். மக்கள்தொகை எண்களில் மாநில மொத்தம் மட்டுமே மாற்றமில்லாதது. கவுண்டி அளவில் மாற்றம் சிறியது; ஆனால் ஸ்லோப் போன்ற இடத்தின் வயதுவாரிக் கணக்கை நுணுகி ஆராய்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் ஒப்பிட உட்காரும்போது 53 கவுண்டிகளின் 2010, 2020 எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ, மைக்ரோ, இரண்டுமல்லாதவை என்று பிரிக்க விரும்பினால் ஏதாவது ஓர் ஆண்டின் எல்லையை முடிவு செய்து, அதையே இரண்டு ஆண்டுகளுக்கும் பொருத்துங்கள். 2013 எல்லையை எடுத்தால் வார்ட் இரண்டு ஆண்டிலும் மைக்ரோ. 2023 எல்லையை எடுத்தால் இரண்டு ஆண்டிலும் மெட்ரோ. இரண்டுமே செல்லும். முடிந்தால் இரண்டு விதமாகவும் போட்டு, வித்தியாசத்தைப் படிப்பவருக்குக் காட்டுங்கள். அப்புறம் எண்ணெய்க் கவுண்டிகளைத் தனியாகவும், ஒதுக்குநிலக் கவுண்டிகளைத் தனியாகவும், மீதிப் பண்ணைக் கவுண்டிகளைத் தனியாகவும் கூட்டிப் பாருங்கள். வடக்கு டகோட்டாவைப் பொறுத்தவரை மெட்ரோ-மெட்ரோ அல்லாதது என்ற இரட்டைப் பிரிவைவிட இந்தப் பிரிவு அதிகம் சொல்லும்.